ஒரு வாரத்தில் காணாமல் போகும் கலைச்சொற்கள்

வாசகர் ஒருவர் கேட்டது: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, நான்கு பேருக்கு ஒரு டேப்லெட் இருக்கிறது. பாடம் முடிந்ததும் கலைச்சொற்களை வினாடிவினா செயலியில் போடுகிறேன். பிள்ளைகள் பிரமாதமாக ஆடுகிறார்கள். பத்துக்கு ஒன்பது, பத்து என்று வருகிறது. ஒரு வாரம் கழித்துத் தாளில் எழுதச் சொன்னால் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூடக் காணோம். வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள் டீச்சர்.

ஜூலை 3, 2023

செயலியை மாற்றினால் தீராது. நான் மூன்று செயலிகள் மாற்றிப் பார்த்தவள்.

போன வருடம் என் வகுப்பில் "முடுக்கம்" என்ற சொல்லுக்குச் சரியான விளக்கத்தை, அதாவது "திசைவேகம் மாறும் வீதம்" என்பதை, நான்கு விநாடிக்குள் தொட்டார்கள். முழு வகுப்பும். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் தேர்வில் "வேகமாகப் போவது முடுக்கம்" என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். விடைத்தாள்களைத் திருத்திவிட்டு அந்த வினாடிவினாவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான்கு விடைகளில் ஒன்றில் மட்டும்தான் "வீதம்" என்ற சொல் இருந்தது. பிள்ளைகள் அந்தச் சொல்லின் உருவத்தைக் கண்டுபிடித்துத் தொட்டிருக்கிறார்கள், பொருள் வரை போகவே இல்லை. போகத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த ஆட்டத்தில் சீக்கிரம் தொட்டவருக்குத்தான் அதிகப் புள்ளி. யோசிக்கிற பிள்ளைக்குப் புள்ளி குறையும்.

கண்ணெதிரே இருக்கும் சொல்லை இனம் காண்பது வேறு, எதிரே ஒன்றும் இல்லாதபோது உள்ளிருந்து எடுப்பது வேறு. நாம் முதலாவதைப் பழக்கிவிட்டு இரண்டாவதைத் தேர்வில் கேட்கிறோம்.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, நினைவில் இருந்ததை வெறும் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் ஒரு வாரக் கணக்கும் இதில் வருகிறது பாருங்கள். அவர்கள் கொடுத்தது வெறும் தாள், அதில் நான்கு விடைகள் கிடையாது.

ஜூலை 4

நேற்று எழுதியதைப் படித்தால் வினாடிவினாவே வேண்டாம் என்று சொன்னது போல இருக்கிறது. அது சரியில்லை. நான் இன்னமும் போடுகிறேன். ஆனால் பாடத்தின் முடிவில் போட்டதைப் பாடத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டேன். புள்ளியை அணைத்துவிடுகிறேன், நேரத்தையும் தாராளமாக விடுகிறேன்.

எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று அப்போது திரையில் வரும் பட்டை வரைபடம் தங்கம். "நிலவுக்குப் போனால் எது மாறும்: நிறையா, எடையா?" என்று கேட்டேன். வகுப்பு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து நின்றது. விடையைச் சொல்லவில்லை. "உங்கள் பக்கத்தில் இருப்பவர் வேறு விடை சொல்லியிருந்தால் அவரிடம் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு "நிறை" என்ற சொல் வகுப்பில் எத்தனை முறை சொல்லப்பட்டது என்று எண்ணியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

ஜூலை 11

இன்னொருவர், "கலைச்சொல் பட்டியல் பாடநூலின் கடைசியிலேயே இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா" என்று கேட்டிருக்கிறார்.

போதாது. அந்தப் பட்டியலில் ஒளிச்சேர்க்கை இருக்கும், கொதிநிலை இருக்கும். "ஒப்பிடுக" இருக்காது, "உய்த்தறிக" இருக்காது, "சான்று", "காரணி", "விளைவு", "அடிப்படையில்" ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

இசபெல் பெக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். முதல் அடுக்கு வீட்டிலேயே வந்துவிடுகிற அன்றாடச் சொற்கள். மூன்றாவது அடுக்கு ஒரு பாடத்துக்கு மட்டுமே உரிய சொற்கள். நடுவில் இருக்கும் இரண்டாவது அடுக்கு எல்லாப் பாடத்திலும் வரும், வீட்டில் வராது. ஒவ்வொரு ஆசிரியரும் "இதை வேறு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள்" என்று நினைத்துத் தாண்டிப் போகும் அடுக்கு இது. ஆங்கிலத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000ஆம் ஆண்டில் கல்விச்சொல் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பல துறைக் கட்டுரைகள், நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி, எல்லாத் துறையிலும் வருகிற 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்) பிரித்தெடுத்தார். கல்வி நூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒன்று அந்தப் பட்டியலிலிருந்து வருகிறது என்பது அவர் கண்டது. நம் மொழிக்கும் நாமே ஒன்று தொடங்கலாம். ஒரு பாடநூலின் எல்லா வினாக்களையும் ஒரே கோப்பில் ஒட்டி, வினைச்சொற்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு மாலை வேலை. நான் செய்தேன், அதன் பிறகு என் பாடத் திட்டமே மாறியது.

"ஒப்பிடுக" கதையைச் சொல்கிறேன். தாவர செல்லையும் விலங்கு செல்லையும் ஒப்பிடச் சொன்னால் தாவர செல் பற்றி ஒரு பத்தி, விலங்கு செல் பற்றி ஒரு பத்தி. இரண்டும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒப்பீடு எங்கும் இருக்காது. பெயர் தெரியாமல் இரண்டு விடைகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "இரண்டு செல்லையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவந்த இடத்துக்கெல்லாம் மஞ்சள் பூசுங்கள்" என்றேன். முதல் விடையில் மஞ்சளே விழவில்லை. இரண்டாவதில் "தாவர செல்லில் செல் சுவர் உண்டு, ஆனால் விலங்கு செல்லில் இல்லை" என்ற ஒரே வரியில் விழுந்தது. "ஓ, அதுதானா ஒப்பிடுறது!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான். அதே செல்லைப் பற்றி அவன் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 12

பழகிய முகத்தோடு வந்து ஏமாற்றும் சொற்கள் என்று ஒரு சுவரே வைத்திருக்கிறோம், பகிர்ந்த கோப்பில். சார்பு. மாறி. காரணி. கோவை. அலகு. திறன். வேலை. "சார்பு" கணிதத்தில் ஒன்று, நாளிதழில் இன்னொன்று. "அலகு" அளவீட்டிலும் வரும், பறவையின் முகத்திலும் வரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது "வினை": வேதியியலில் ஒன்று, இலக்கணத்தில் ஒன்று, பாட்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்வது ஒன்று.

ஜூலை 26

ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிப் பழகும் அட்டைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இலேயே தன்னையே சோதித்து, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதி முதலில் எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்று காட்டிவிட்டார். 1972இல் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் அதற்கு அட்டைப்பெட்டி முறை ஒன்று சொன்னார்: தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், தெரியாதது முதல் அறைக்குத் திரும்பும், பின்னறைகளை இடைவெளி விட்டுத்தான் திறக்க வேண்டும். ஆன்கி மாதிரியான செயலிகள் அதே இடைவெளிக் கருத்தைக் கணினிக்குக் கொடுத்தவைதான். கருவி நல்லது.

நான் செய்த தவறு வேறு இடத்தில். இருநூறு அட்டைகளை நானே உட்கார்ந்து செய்து எல்லோருக்கும் பகிர்ந்தேன். அழகான அட்டைகள், படம் எல்லாம் வைத்து. யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடவில்லை. தொட்டவர்களுக்கும் அட்டையில் நான் எழுதிய வாக்கியம் மட்டும்தான் வந்தது, சொல்லைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் வரவில்லை. அந்த அட்டைகளைச் செய்த மூன்று இரவுகளில் இருநூறு சொற்களையும் நன்றாகக் கற்றுக்கொண்டது நான் ஒருத்திதான்.

இப்போது ஒரு வாரத்துக்கு ஆறு சொல்தான், அட்டையைச் செய்வது பிள்ளைகள். ஃப்ரேயர் என்பவரின் நாற்கட்ட முறை 1969இலிருந்து இருக்கிறது: வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது. முதல் இரண்டு கட்டத்தைப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பிவிடலாம். நாலாவது கட்டத்துக்கு எந்தப் புத்தகமும் உதவாது. அங்கேதான் டேப்லெட்டின் கேமராவைக் கொண்டுவந்தேன். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு நேரமில்லை.

ஜூலை 29

கேமரா.

நாலு பேருக்கு ஒரு டேப்லெட் போதும், இன்னும் சொன்னால் நாலு பேருக்கு ஒன்று இருப்பதுதான் நல்லது. வேலை இதுதான்: ஒரு சொல்லுக்கு இரண்டு படம் எடுத்து வர வேண்டும். ஒன்றில் அந்தச் சொல் இருக்க வேண்டும். இன்னொன்று இருப்பது போலத் தோன்ற வேண்டும், ஆனால் இருக்கக் கூடாது. கீழே ஏன் என்று ஒரே வாக்கியம். பத்து நிமிடம்.

"வேதி மாற்றம்" என்று கொடுத்த நாளில் துருப்பிடித்த கம்பி எல்லாக் குழுவும் கொண்டுவந்தது. இரண்டாவது படத்துக்குத்தான் தடுமாறினார்கள். ஒரு குழு உடைந்த சாக்பீஸைக் கொண்டுவந்தது. "பார்க்கத் தூளாகிவிட்டது, ஆனால் தூளும் சாக்பீஸ்தான்" என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒரு குழு பெயின்ட் அடித்த கதவைப் போட்டது. அதை வைத்து ஒரு பெரிய சண்டை: பெயின்ட் காய்வது வேதி மாற்றமா இல்லையா? நான் உடனே தீர்ப்பு சொல்லவில்லை, சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் எல்லாப் பெயின்ட்டும் ஒரே மாதிரி காய்வதில்லை. நீர் ஆவியானதும் இறுகும் வகை உண்டு, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும் எண்ணெய் வகை உண்டு. டப்பாவைத் தேடிப்போய் எந்த வகை என்று படித்துவிட்டு வந்தார்கள்.

"வேலை" என்று கொடுத்த நாள்தான் எனக்கு மறக்காது. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், தன் தோழி சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருக்கும் படத்தை எடுத்து வந்தாள். தோழியின் முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே: "விசை இருக்கிறது. இடப்பெயர்ச்சி இல்லை. அதனால் வேலை இல்லை. ஆனால் கை வலிக்கிறது." கடைசி வரியை நான் அடிக்கவில்லை. அன்றாட "வேலை"க்கும் இயற்பியல் "வேலை"க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இத்தனை வருடம் கரும்பலகையில் வரையறை எழுதி நான் அந்த இடைவெளியைக் காட்டியதே இல்லை.

ஆகஸ்ட் 9

தட்டச்சு, தானியங்கித் திருத்தம் பற்றி. இதில் கோபம் இருக்கிறது, அதனால் சுருக்கமாக.

குறுவிடையைத் தானாகத் திருத்தும் படிவத்தில் நான் விடையாகக் கொடுத்தது "ஒளிச்சேர்க்கை". "ஒளிச் சேர்க்கை" என்று இடைவெளி விட்டவருக்குச் சுழி. "ஒளிசேர்க்கை" என்று ஒற்றை விட்டவருக்கும் சுழி. "ஒளிச்சேர்க்கையால்" என்று வேற்றுமை உருபோடு எழுதினவள் வகுப்பிலேயே சரியாகப் புரிந்துகொண்டவள், அவளுக்கும் சுழி. எல்லாவற்றையும் விட மோசம், "கொதிநிலை" என்று எழுத்துப் பிசகாமல் எழுதிய ஒரு பையனுக்கும் சுழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். காரணம் பிறகுதான் தெரிந்தது. "கொ"வின் ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்பது விதி. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அந்த விதியைப் பார்க்காவிட்டால் இரண்டும் அதற்கு வேறு வேறு சொல். அந்தப் பையன் தன் எழுத்து தவறு என்று நினைத்து மூன்று முறை அழித்து எழுதியிருக்கிறான்.

அடிக்கடி வரும் சொல்லைத் திரையில் பெரிதாகக் காட்டும் சொல்மேகமும் அப்படித்தான். உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாத நிரலில் "சான்று" போட்டால் ச, ன, ற என்று துண்டு துண்டாகத் திரையில் மிதக்கிறது. துண்டாக்காத நிரலிலும் சான்று, சான்றுகள், சான்றை மூன்றும் தனித்தனி.

ஆகவே சொல் எழுதும் விடையை நானே படிக்கிறேன். ஆறு சொல்தானே, படிக்கலாம்.

ஆகஸ்ட் 10

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். "துண்டு துண்டாக மிதக்கிறது" என்று எழுதிய அதே சொல்மேகத்தை நான் ஒரு விதத்தில் பயன்படுத்தியும் இருக்கிறேன். சான்று, சான்றுகள், சான்றை, சான்றாக, சான்றளி என்று தனித்தனியாக வந்ததைத் திரையில் போட்டு, "இவற்றில் எவையெல்லாம் ஒரே குடும்பம்?" என்று கேட்டேன். சொற்குடும்பம் என்ற கருத்தை அதற்கு முன் இவ்வளவு சுலபமாக நான் விளக்கியதில்லை.

ஆகஸ்ட் 23

காணொளிகளைக் கொடுப்பவர்கள் கவனிக்க. தமிழில் தேடினால் தமிழ்நாட்டுப் பாடமும் வரும், இலங்கைப் பாடமும் வரும். இரண்டுமே நல்ல பாடங்கள். ஆனால் தமிழ்நாட்டில் "நிறை" என்பது இலங்கையில் "திணிவு". தமிழ்நாட்டில் "எடை" என்பது இலங்கையில் "நிறை". தமிழ்நாட்டு "வேகம்" அங்கே "கதி", இங்கே "திசைவேகம்" என்பதற்கு அங்கே "வேகம்". முடுக்கம் அங்கே ஆர்முடுகல், ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு, செல் அங்கே கலம்.

ஒரு மாணவன் வீட்டில் காணொளி பார்த்துவிட்டு வந்து, "நிறை நிலவில் குறையும்" என்று உறுதியாக எழுதினான். நம் பாடநூலில் நிலவில் குறைவது எடைதான், நிறை மாறாது. ஆகவே சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவன் காணொளியைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அவன் பார்த்ததை அவன் சரியாகவே எழுதியிருக்கிறான். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவனையே தமிழ்நாட்டுச் சொல் ஒரு வரிசை, இலங்கைச் சொல் ஒரு வரிசை என்று போட்டு அட்டவணை செய்யச் சொன்னேன். இப்போது சுவரில் இருப்பது அந்த அட்டவணைதான். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் நிற்பதைப் பார்த்த பிறகு, "வரையறை எதற்கு?" என்ற கேள்வி என் வகுப்பில் வரவில்லை.

செப்டம்பர் 14

குரல் பதிவு. அரை நிமிடம், ஆறு சொல்லில் ஏதாவது மூன்றை வைத்துப் பேச வேண்டும். முதல் வாரம் எல்லோரும் புத்தகத்தை வாசித்து அனுப்பினார்கள். பக்கம் திருப்பும் சத்தம் கூடக் கேட்டது. இரண்டாம் வாரம் விதியை மாற்றினேன்: புத்தகம் மூடியிருக்க வேண்டும், எதிரே தாங்கள் எடுத்த படம் மட்டும். உடனே தயக்கங்கள் வந்தன, "அது வந்து", "என்ன சொல்றது" எல்லாம் வந்தன, நடுவில் "இடப்பெயர்ச்சி" வந்தது. அதுதான் எனக்கு வேண்டியது. சுவரைத் தள்ளிய படத்தின் பெண் முதல் வாரம் எட்டு விநாடி பேசியிருந்தாள், ஐந்தாம் வாரம் அரை நிமிடம் போதவில்லை என்று இரண்டாவது பதிவும் அனுப்பினாள். எழுத்தில் திணறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல் வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் கேட்க நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு குழு, அவ்வளவுதான். ஒருவருக்கு முப்பது விநாடிதானே.

செப்டம்பர் 15

உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்கலாமா என்று ஒருவர். நான் கேட்டுப் பார்த்தேன். வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வருகின்றன, ஆனால் எல்லாம் ஒரே வார்ப்பு. ஒன்றில் திறனும் ஆற்றலும் இடம் மாறியிருந்தன. அந்த ஒன்றைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிழையைக் கண்டுபிடிக்கச் சொன்னதும் ஒரு பாடவேளை நன்றாகவே போனது. பிள்ளைகளின் வாக்கியத்துக்கு மாற்றாக அதைக் கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 5

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். ஆறு சொல்லாகக் குறைத்துவிட்டாராம், கேமராவையும் தொடங்கிவிட்டாராம். அவர் வகுப்பில் ஒரு குழு எடுத்த படத்தை அனுப்பி, இதற்கு என்ன சொல்வது என்று கேட்கிறார். ஒரு பையன் தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு சமதளத்தில் நடந்து போகிறான். கீழே "வேலை ஆகாதது" என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை அப்படியே என் வகுப்புத் திரையில் போட்டேன். ஒரு பக்கம்: பெட்டி நகர்கிறது, ஆகவே வேலை உண்டு. இன்னொரு பக்கம்: தாங்கும் விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி பக்கவாட்டில், ஆகவே அந்த விசை வேலை செய்யவில்லை. இந்த இரண்டாவது விடையோடு முடித்திருப்பேன். அதற்குள் முன் வரிசைப் பெண் ஒருத்தி, "முதல் அடி எடுத்து வைக்கும்போது பெட்டிக்கு முடுக்கம் இருக்குமே, அப்போது பக்கவாட்டிலும் விசை இருந்திருக்க வேண்டுமே" என்றாள். மணி அடித்துவிட்டது. அவர்கள் கிளம்பவில்லை. படத்துப் பையன் நடையை நிறுத்தும்போது எதிர்த்திசையில் என்ன ஆகும் என்று இரண்டு பேர் பலகையில் அம்புக்குறி போட ஆரம்பித்தார்கள். நாளைக்கு முதல் பாடவேளையை அதற்கே விட்டுவைத்திருக்கிறேன்.